ஒன்று முதல் இரண்டு வரை

அன்புள்ள சூசைநாதன் அவர்களுக்கு,

திடுக்கிடாதீர்கள், நான்தான். உங்கள் பெயரை முதல் தடவையாக எழுதுகிறேன். மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் ஒரு நாள்கூட அதை வாயால் சொன்னதில்லை. "இன்னாங்க" என்றால் திரும்பிவிடுவீர்கள், பெயருக்குத் தேவையே வரவில்லை. இப்போது பழக்க தோஷத்தில் "இன்னாங்க" என்று கூப்பிட்டுவிட்டால், தன்னைத்தான் கேட்கிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து நிற்கிறாள். அதனால் பெயர் போட்டே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கல்லறைத் திருநாள் வருகிறது. நீங்கள் போன பிறகு வருகிற மூன்றாவது. இந்த வருஷம் நம் சாமியார் ஒரு புது ஏற்பாடு செய்திருக்கிறார். இறந்துபோனவர்களைப் பற்றி வீட்டில் இருப்பவர்கள் எழுதிக் கொடுத்தால் கோயில் பத்திரிகையில் போடுவாராம். "நாலு வரி போதும்மா" என்றார். நாலு வரியில் முடிக்க இது என்ன தந்தியா?

ஊரே படிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உங்களிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். "இது பாவத்துல சேராதேம்மா, கணக்குலதானே சேரும்?" என்று கேட்டார். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மனசு ஆறவில்லை.

முதலில் ஊர்ச் சேதி. மழை இந்த வருஷம் பரவாயில்லை. கோட்டைக்குள் செட்டிக்குளத்தில் மேல் படிகள் மட்டும்தான் தெரிகின்றன. அரிசி இன்னும் ரேஷனில்தான், வரிசையும் அப்படியேதான். என்னைப் பெற்ற நைனாவுக்கு இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. எனக்கு மறு கல்யாணம் என்ற பேச்சை அவர் ஒருவழியாக விட்டுவிட்டார். ஜவுளிக் கடையில் கஜக்கோலை எடுத்துவிட்டார்கள், எல்லாம் மீட்டர். நான் இன்னும் "ரெண்டு கஜம் குடுங்க" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். எந்நேரமும் கழுத்தில் டேப்பு. அதில் ஒரு பக்கம் அங்குலம், மறு பக்கம் சென்டிமீட்டர். குனியும்போது அது புரண்டு விழுந்தால் எனக்குக் கோட்டையில் புதுச்சேரி வாசல் மதில் ஞாபகம் வந்துவிடும். அப்புறம் தைக்க ஓடாது, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். மற்ற பெண்கள் எனக்குத் தலைவலி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் உங்களைத் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சர்வே ஆபீசில் செயின்மேன், நிலம் அளக்கும்போது சங்கிலி பிடிக்கிற வேலை. வேலூரில் பி.யூ.சி. என்கிற கல்லூரிப் புகுமுக வகுப்பு படித்து, மற்ற எல்லாவற்றிலும் தேறி, கணக்கில் மட்டும் தவறியவர். அந்த ஒரு பேப்பரை எழுதி முடித்துவிட்டால் சர்வேயர் பரீட்சைக்குப் போகலாம், சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு அளவைப் புத்தகத்தைக் கையில் எடுக்கலாம். அது ஒன்றுதான் உங்கள் ஆசை.

நம் கல்யாணப் பத்திரிகை ஞாபகம் இருக்கிறதா? நைனா உங்களைக் கேட்காமலே பெயருக்குப் பக்கத்தில் 'பி.யூ.சி.' என்று அச்சடித்துக் கொண்டுவந்துவிட்டார். ஊரில் எல்லாரும் செய்வதுதான். தவறினவர்களும் போட்டுக்கொள்வார்கள், யார் போய்ச் சான்றிதழ் கேட்கப் போகிறார்கள்? நீங்கள் அத்தனை கட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, பேனாவால் ஒவ்வொரு பத்திரிகையிலும் அந்த மூன்று எழுத்தை அடித்தீர்கள். நைனா வந்து கத்தினார்.

"இன்னா மாப்ள இது? ஊருல எவன் போட்டுக்காம இருக்கறான்?"

"பாஸ் பண்ணிட்டுப் போட்டுக்கறேன் மாமா."

இதைக் கேள்விப்பட்டு எங்கள் வீட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் உள்ளே நின்று சிரித்தேன். உங்கள் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்னாலேயே உங்களைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை, இல்லையா?

கல்யாணமான பிறகு தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்து, கால் கழுவி, காபி குடித்துவிட்டுப் புத்தகத்தை எடுப்பீர்கள். வாய்விட்டுச் சொன்னால்தான் மண்டையில் ஏறும் என்பீர்கள், கேட்க ஓர் ஆள் வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நல்ல மார்க்கு வாங்கின கர்வம் எனக்கு. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். அப்படித்தான் அந்தப் பாடம் என் காதில் விழுந்தது.

சைனிடம் ஒரு கோணத்தைக் கொடுத்தால் அது ஓர் எண்ணைக் கொடுக்கும். முப்பது டிகிரி கொடுத்தால் அரை. சைன் இன்வர்ஸ் அதையே திருப்பிக் கேட்கிறது: அரை தருகிறேன், எந்தக் கோணம்? எந்தெந்த எண்களை உள்ளே கொடுக்கலாமோ அதற்கு டொமைன் என்று பெயர், என்னென்ன கோணங்கள் வெளியே வரலாமோ அதற்கு ரேஞ்ச். புதுப் பாடப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. நான் அதை 'உள்ளே போறது, வெளியே வர்றது' என்று வைத்துக்கொண்டேன்.

முப்பதுக்கும் அரைதான், நூற்றைம்பதுக்கும் அரைதான், ஒரு சுற்று சுற்றிவந்து முந்நூற்றுத் தொண்ணூறுக்கும் அரைதான். அரைக்கு எந்தக் கோணம் என்று கேட்டால் கணக்கில்லாமல் வந்து நிற்கும். அதனால் மைனஸ் தொண்ணூறிலிருந்து தொண்ணூறு வரைக்கும் இருக்கிற கோணத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்களாம். "அப்போ மத்த கோணமெல்லாம் தப்பா?" என்று கேட்டேன். "தப்பு இல்ல புஷ்பம். எல்லாம் சரிதான். ஒண்ண எடுத்துக்கணும், அவ்வளவுதான்" என்றீர்கள். அந்த வார்த்தைக்கு இப்போது எனக்கு வேறு வேலை வந்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடியும் அங்குலமும் போய் மீட்டர் வந்துகொண்டிருந்த சமயம் அது. உங்கள் ஆபீசுக்குப் புது டேப்பு வந்தது, ஒரு பக்கம் அடி, ஒரு பக்கம் மீட்டர். சங்கிலியோடு பழகின கைக்குப் பழக்கமாகட்டும் என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். நீங்கள் சும்மா இருப்பீர்களா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், உடுத்திய நல்ல புடவையோடு என்னைக் கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். கையில் டேப்பு, சட்டைப் பையில் லாக் அட்டவணை.

புதுச்சேரி வாசல் பக்கம் மதில் மேல் ஏறி நின்றீர்கள். நான் கீழே சீத்தாப்பழப் புதருக்கு நடுவில். டேப்பை நேராகத் தொங்கவிட்டீர்கள்.

"இன்னா வருது புஷ்பம்?"

"முப்பதுங்க!"

அப்புறம் முனையை நீங்கள் மேலே பிடித்துக்கொண்டு, சுருளோடு என்னைத் தூரமாகப் போகச் சொன்னீர்கள். முள்ளெல்லாம் புடவையில் மாட்ட, இழுத்துக்கொண்டு போய் ஒரு கல்லில் வைத்து, சுருளிலிருந்து எவ்வளவு வந்திருக்கிறது என்று நானே படித்தேன். எல்லாம் நானே செய்ய வேண்டும் எனக்கு.

"இப்போ?"

"இருபது!"

உயரத்தைச் சாய்வு நீளத்தால் வகுத்தால் டேப்பு சாய்ந்த கோணத்தின் சைன் வரும், முப்பதை இருபதால் வகுத்தால் ஒன்றரை. ஒன்றரைக்குச் சைன் இன்வர்ஸ் எவ்வளவு என்று மதில் நிழலில் உட்கார்ந்து அட்டவணையைப் புரட்டினீர்கள். தொண்ணூறு டிகிரிக்கு ஒன்று என்று போட்டு முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் பக்கமே இல்லை. முன்னால் புரட்டினீர்கள், பின்னால் புரட்டினீர்கள். "அச்சுல உட்டுட்டான் போலிருக்குது" என்றீர்கள். எனக்குப் பசி வேறு.

"ஏங்க, மதில் முப்பது. சாய்ச்சுப் புடிச்சது இருபது. இருபது அடி ஏணிய முப்பது அடி மதில்ல எப்படிச் சாத்தினாலும் உச்சிக்கு எட்டாதே. நீங்க எப்படி மேலேர்ந்து புடிச்சிருந்தீங்க?"

நீங்கள் டேப்பைக் கையில் எடுத்துப் பார்த்தீர்கள். திருப்பிப் பார்த்தீர்கள். நேராகத் தொங்கினபோது நான் படித்தது அடி. சாய்த்து இழுத்தபோது டேப்பு புரண்டு, நான் படித்தது மீட்டர். நீங்கள் சிரித்த சிரிப்பில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. இருபது மீட்டரை அடியாக்கி வகுத்ததும் இருபத்தேழு டிகிரி சொச்சம் என்று கோணம் வந்துவிட்டது. "இல்லாத கோணத்தைப் போய் ஒரு மணி நேரமா தேடியிருக்கறேன் பாரு" என்று சொல்லி நோட்டில் எழுதினீர்கள்: 'சைன் இன்வர்ஸ் ஒன்றரை: கிடையாது.' சைன் ஒன்றைத் தாண்டாது, மைனஸ் ஒன்றுக்குக் கீழேயும் போகாது, அதற்கு வெளியே இருக்கிற எண்ணைக் கொடுத்தால் பதிலே இல்லை என்பது நம் இரண்டு பேருக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்கப்புறம் 'ஒன்றரை' நம் வீட்டு வார்த்தையாகிவிட்டது. மூன்றாவது காபி கேட்பீர்கள். "ஒன்றரைங்க" என்பேன். ஆபீசில் லீவு கிடைக்குமா என்று கேட்டால், "ஒன்றரை" என்று உதட்டைப் பிதுக்குவீர்கள். நைனா ஒரு தடவை, "இன்னாடி அது, வந்ததுலேர்ந்து ஒன்றரை ஒன்றரைங்கறீங்க?" என்று கேட்டார். நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

இன்னொரு நாள் காஸைனைப் பற்றிச் சண்டை போட்டேன். சைன் இன்வர்சுக்கு மைனஸ் தொண்ணூறிலிருந்து தொண்ணூறு, காஸ் இன்வர்சுக்கு மட்டும் ஏன் பூஜ்யத்திலிருந்து நூற்றெண்பது? "புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது" என்றீர்கள். "புஸ்தகம் சொன்னா ஆச்சா?" என்றேன். சுண்ணாம்புக் கட்டியால் சிமெண்டுத் தரையில் வட்டம் போட்டு இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். காஸுக்கும் சைனுடைய கோணங்களையே எடுத்துக்கொண்டால், அறுபதுக்கும் அரை வருகிறது, மைனஸ் அறுபதுக்கும் அதே அரை வருகிறது, மைனஸ் எண்ணோ வரவே மாட்டேன் என்கிறது. பூஜ்யத்திலிருந்து நூற்றெண்பதுக்குப் போனால் ஒன்றிலிருந்து மைனஸ் ஒன்று வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு தடவை வருகிறது. "கண்டுபுடிச்சிட்டடி!" என்று கத்தினீர்கள். அப்புறம் நடந்ததைக் கோயில் பத்திரிகையில் எழுத முடியாது. மறுநாள் காலையில் அந்த வட்டத்தைத் துடைக்க எனக்கு மனசே வரவில்லை.

இந்த இரண்டு தடவையும் நான் சொன்னது சரியாகப் போனதுதான் வினை. அதிலிருந்து நீங்கள் கணக்கில் உங்களைவிட என்னை நம்ப ஆரம்பித்தீர்கள். நானும் என்னை ரொம்ப நம்பினேன்.

செப்டம்பரில் பரீட்சை எழுத வேலூர் போனீர்கள். திரும்பி வந்த நாள் அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக நின்றன, பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. எலுமிச்சம்பழக் கூடைக்காரியும் வேப்பிலைக் கட்டுமாக ஒரே நெரிசல். உங்களை எதிர்கொண்டு அழைக்க வந்து நின்றிருந்தேன். ஆரணி பஸ்ஸிலிருந்து இறங்கினவுடனே, வீடு போகும்வரைகூடப் பொறுக்காமல் ஆரம்பித்தீர்கள். கையில் ஜிலேபிப் பொட்டலம்.

"புஷ்பம், நம்ம கேள்வி வந்துட்டுது! சைன் இன்வர்ஸ். பிராக்கெட்டுல ரெண்டு எக்ஸ் மைனஸ் மூணு. டொமைன், ரேஞ்ச் ரெண்டும் கேட்டுட்டான்."

"இன்னா எழுதினீங்க?"

"ரேஞ்ச், மைனஸ் தொண்ணூறுலேர்ந்து தொண்ணூறு."

"சரி. டொமைன்?"

"ஒண்ணுலேர்ந்து ரெண்டு."

நான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"ரெண்டா? சைன் இன்வர்சுக்குள்ள ரெண்டு போவுமா? ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல இன்னா இருக்குது, சொல்லுங்க."

"ஒன்றரை" என்றீர்கள்.

"அதான்! மதில் மேல ஏறினதெல்லாம் மறந்துபோச்சா? மைனஸ் ஒண்ணுலேர்ந்து ஒண்ணுன்னு எழுத வேணாமா?"

"இல்ல புஷ்பம், இது எக்ஸ்தானே..." என்று ஏதோ சொல்ல வந்தீர்கள். நான் விடவில்லை. கூட்டத்துக்கு நடுவில் நின்று, மைனஸ் ஒன்று முதல் ஒன்று என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னேன். நீங்கள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தீர்கள். "ஆமால்ல" என்றீர்கள். அதோடு சரி. வீடு வரும்வரை பேசவில்லை. ஜிலேபியைப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டீர்கள்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல். டைபாய்டு என்றார் டாக்டர். இறங்கும், ஏறும், இறங்கும். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் நல்ல தெளிவாக இருந்தீர்கள். கஞ்சி குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவை நான் பாஸாவறது ஒன்றரைதான் புஷ்பம். மார்ச்சுல திரும்ப எழுதிடறேன்" என்றீர்கள். "பரவால்லங்க, மார்ச்சுல பாத்துக்கலாம்" என்றேன். உங்கள் மனைவி உங்களுக்குச் சொன்ன ஆறுதலைப் பார்த்தீர்களா? அந்த மார்ச்சை நீங்கள் பார்க்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை அன்றைக்குத்தான் ரிசல்ட் வந்தது. நைனா உங்கள் ஹால் டிக்கெட்டையும் பேப்பரையும் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றார். எண்ணை மூன்று தடவை சரி பார்த்திருக்கிறார். "மாப்ள பாஸும்மா" என்று சொல்லிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அழுகைகூட வரவில்லை. அந்த ஒரு கேள்வி போனாலும் மற்ற கேள்விகள் கைகொடுத்திருக்கின்றன என்றுதான் நினைத்தேன். பாருங்கள், அப்போதும் நான் சொன்னதுதான் சரி என்ற நினைப்பு எனக்கு.

இனிமேல் சொல்லப்போவதுதான் நீங்கள் கேட்க வேண்டியது.

போன ஆகஸ்டில், மாதா திருநாளுக்காகப் பீடத்துத் துணி தைக்கும் வேலை என்னிடம் வந்தது. பீடத்தை அளந்தேன், கச்சிதமாக அதே அளவுக்குக் காடாத் துணி வெட்டினேன், ஓரத்தில் லேஸ் வைத்துத் தைத்தேன். துவைத்துக் காயவைத்து எடுத்துக்கொண்டு போய் விரித்தால், ஒரு ஜாண் குறைகிறது. காடா சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும், அவசரத்தில் மறந்துவிட்டேன். தையல் கூடத்துச் சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"பீடத்து மேல விரிக்கிறது துவைச்ச துணியாம்மா, கடைத் துணியா? பீடத்துக்குப் பொருந்த வேண்டியது எது? சுருங்கின பிறகு பொருந்தற மாதிரி கடையில பெரிசா வாங்க வேணாமா?"

நான் "ஆமாம் சிஸ்டர்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு அந்தக் கேள்வியையே எனக்குள் திரும்பக் கேட்டேன். பீடத்துக்குப் பொருந்த வேண்டியது துவைத்த துணி. சைன் இன்வர்சுக்குள் போவது எது?

தையல் மேசைக்கு ஓடினேன். துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்து மேசை மேலேயே போட்டேன். உள்ளே போவது எக்ஸ் இல்லை. எக்ஸை இரண்டால் பெருக்கி, மூன்றைக் கழித்த பிறகு மிஞ்சுகிறதே, அதுதான் உள்ளே போகிறது. அதுதான் மைனஸ் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அப்படியானால் மூன்றைத் திரும்பக் கூட்டினால் இரண்டிலிருந்து நான்கு. பாதியாக்கினால் ஒன்றிலிருந்து இரண்டு.

ஒன்றிலிருந்து இரண்டு. நீங்கள் எழுதியது.

ஒன்றரையைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு ஒன்றரை மூன்று. மூன்றில் மூன்று போனால் பூஜ்யம். சைன் இன்வர்ஸ் பூஜ்யம், பூஜ்யம். ஒரு குறையும் இல்லாமல் நடு மத்தியில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் சொன்ன மைனஸ் ஒன்று முதல் ஒன்றில் பூஜ்யத்தைப் போட்டால் உள்ளே மைனஸ் மூன்று வருகிறது, அதற்குத்தான் பதில் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேருக்கு முன்னால் நின்று நான் சத்தம் போட்டுச் சொன்னது முழுக்கத் தப்பு.

நீங்கள் சரியாக எழுதிவிட்டு வந்தீர்கள். சந்தோஷமாக ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தீர்கள். நான் அதைத் தப்பென்று சொல்லி நம்பவைத்து, தோற்றுப்போனவராகவே உங்களை அனுப்பிவைத்துவிட்டேன். இதுதான் என் தப்பு. சாமியாருக்கு இது பாவமாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது.

ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு "ஆமால்ல" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டீர்களே, ஏன்? நிஜமாகவே நான் சொன்னதை நம்பிவிட்டீர்களா? இல்லை, கூட்டத்தில் என்னோடு வாதாட வேண்டாம் என்று விட்டுவிட்டீர்களா? வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்து, நீங்கள் எழுதியதுதான் சரி என்று தெரிந்தும், நான் வெட்கப்படுவேன் என்று சொல்லாமல் இருந்தீர்களா? அப்படியானால் அந்த மத்தியானம் ஏன் மார்ச்சைப் பற்றிப் பேசினீர்கள்? ராத்திரி பகலாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஒரு மௌனத்துக்கு எத்தனையோ காரணம் பொருந்துகிறது, எல்லாமே உங்கள் குணத்துக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

ஒண்ண எடுத்துக்கணும், அவ்வளவுதான் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். எடுத்துக்கொண்டேன். நீங்கள் என்னை நம்பினீர்கள். உங்கள் கையெழுத்தைவிட என் வாய் வார்த்தையை நம்பினீர்கள். மற்றக் காரணங்களைவிட இதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது, ஆனாலும் இதைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். என்னை அந்த அளவுக்கு நம்ப வேறு யார் இருந்தார்கள்? இனி யார் இருக்கப் போகிறார்கள்?

உங்கள் குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. சாயங்காலம் கீரை ஆயும்போது, எதிரில் ஒருத்தர் தப்புத் தப்பாக இங்கிலீஷ் கணக்கு வாசிக்காமல் அந்த வீடு வீடாகவே இல்லை. உங்கள் புத்தகத்தை நானே வாய்விட்டு வாசிக்கிறேன். கேட்க ஆள் இல்லை.

கல்லறைக்கு நேற்றே போய் வந்துவிட்டேன். திருநாளுக்கு எல்லாரும் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சிலுவையில் பெயரைப் புதிதாக எழுதுகிறார்கள். உங்கள் மரச் சிலுவையில் எழுத்து மழையில் வெளுத்துக் கிடந்தது. போன வருஷம் நைனா பெயருக்குப் பக்கத்தில் 'பி.யூ.சி.' போடலாம் என்றார். "வேணாம் நைனா, அவருக்குப் புடிக்காது" என்று தடுத்துவிட்டேன். பத்திரிகையில் பேனா வைத்து அடித்தவரல்லவா நீங்கள். ஒரு கேள்வியைத் தப்பாக எழுதி வந்த பாஸ்தானே என்ற நினைப்பும் அப்போது எனக்கு இருந்தது.

நேற்று நைனா பெயிண்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார், எழுதினது நான். 'சூசைநாதன்' என்று எழுதி, ஒரு புள்ளி அளவு இடம் விட்டு, 'பி.யூ.சி.' என்று எழுதினேன். நைனா தன் நல்ல கண்ணைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்துவிட்டு, "மாப்ள இப்போ இன்னா சொல்வாரு?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்ல மாட்டாரு நைனா. பாஸ் பண்ணிட்டாரே" என்றேன்.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். வருஷா வருஷம் அந்த எழுத்து வெளுக்கும், வருஷா வருஷம் நான் போய்ப் புதிதாக எழுதுவேன், என் கையில் தெம்பு இருக்கிறவரை. யார் கேட்டாலும் சொல்வேன்: என் வீட்டுக்காரர் ஒன்று முதல் இரண்டு வரை என்று எழுதினார், அதுதான் சரி, நான் சொன்னது தப்பு.

அந்த மூன்று எழுத்தையும் அடிக்க நீங்கள் பேனாவோடு ஒரு நாள் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஒன்றரைதான், எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒன்றரைக்கும் ஓர் இடம் இருந்ததுதானே?

என்றும் உங்கள் மனைவி,
புஷ்பம்
செஞ்சி